பள்ளிக்குள் வரும் வெளியாட்கள்: எல்லோரும் படிக்கவும்

பெற்றோர், ஆசிரியர்கள், வேன், கேன்டீன், கட்டட வேலை ஒப்பந்தக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாதம் பெயின்ட் வேலையும் கீழ்த்தளக் கழிப்பறையில் குழாய் வேலையும் நடக்கின்றன. வகுப்பு நேரத்திலேயே ஆட்கள் வந்து போவார்கள். "அது கான்ட்ராக்டர் ஆளு" என்று பள்ளியும், "ஆள் அனுப்புறதோட எங்க வேலை முடிஞ்சுது" என்று ஒப்பந்தக்காரரும் ஒதுங்க முடியாது. பிள்ளைகளோடு தொடர்பில் வரும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும் என்று போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 2020 விதிகளே சொல்கின்றன.

அதனால் ஒவ்வொருவரின் பெயர், அடையாள அட்டை நகல், சரிபார்ப்புச் சான்று ஆகியவற்றை வேலை தொடங்குமுன் அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மாற்று ஆளுக்கும் இதேதான். டிரைவர் லீவு என்றதும் தெரிந்த பையன் ஒருவனிடம் வேன் சாவியைக் கொடுத்து அனுப்புவதுதான் எனக்குப் பெரிய கவலை. தயவுசெய்து வேண்டாம், பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள், வேறு ஏற்பாடு செய்வோம். குழாய் வேலை முடியும்வரை பிள்ளைகள் மாடிக் கழிப்பறைக்கே போகட்டும்.

அப்புறம், முக்கியமானது. குழந்தையிடம் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் போலீசில் சொல்வது போக்சோ 19ஆம் பிரிவுப்படி நம் ஒவ்வொருவரின் கடமை. நடந்ததைத் தெரிவிக்காமல் விட்டால் 6 மாதம் வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பாளர் தன் பணியாளர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை. "முதல்ல நாமே விசாரிப்போம்" என்று நாள் கடத்த வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்நேரமும் அழைக்கலாம். பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயரை மட்டும் இந்தக் குழுவில் யாரும் எழுதாதீர்கள்.