சான்றிதழைப் புதுப்பிக்கச் செய்முறைத் தேர்வே வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவள் நான். எந்தக் கணினிச் சான்றிதழ் வாங்கலாம், எங்கே படிக்கலாம் என்று எழுதுகிறீர்கள். வாங்கிய சான்றிதழ் காலாவதியானதும் அதைப் புதுப்பிக்க எப்படிப்பட்ட தேர்வு வைக்கிறார்கள் என்பது பற்றி மட்டும் எங்கும் பேச்சு இல்லை. பெங்களூரில் சர்வர் பராமரிப்புக் குழுவில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன், ஆள் எடுக்கும் நேர்காணல்களிலும் உட்காருகிறேன். நாலு விடையில் ஒன்றை டிக் செய்யும் தேர்வை முதல் தடவைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். புதுப்பிக்க வருகிறவருக்குச் செய்முறைத் தேர்வுதான் வைக்க வேண்டும்.

புதிதாகக் கற்றவர் பாடம் முழுவதையும் ஒரு சுற்று பார்த்திருக்கிறாரா என்று அறியக் கொள்குறி வினா நல்ல கருவி. ஒன்றரை மணி நேரத்தில் எல்லாப் பகுதியையும் தொட்டுவிடலாம், செய்முறைத் தேர்வில் அது நடக்காது. மூன்று வருடம் கழித்து வருகிறவரிடம் பார்க்க வேண்டியது வேறு. அவருக்கு இன்னும் கை ஓடுகிறதா?

எங்கள் நேர்காணலில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும், பழுதான ஓர் இயந்திரத்தைக் கொடுப்போம். டிஸ்க் நிரம்பி அப்ளிகேஷன் நின்றுபோயிருக்கும். டிஎஃப் கட்டளை நூறு சதவீதம் நிரம்பியதாகக் காட்டும். டியூ கட்டளை கொடுத்து ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் பாதிகூடத் தேறாது. மீதி இடம் எங்கே போயிற்று? நடப்பதையெல்லாம் பதிந்துவைக்கும் பெரிய லாக் ஃபைல் ஒன்றை யாரோ அழித்திருப்பார்கள். அதில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அதை இன்னும் திறந்தே வைத்திருக்கும். ஃபைலின் பெயர் மறைந்தாலும் அது பிடித்திருந்த இடம் விடுபடாது. அந்தப் புரோகிராமைக் கண்டுபிடித்து ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது. 'டிஸ்கில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் கட்டளை எது?' என்று நாலு விடையோடு கேட்டிருந்தால் வருகிற அத்தனை பேரும் சரியாகச் சொல்வார்கள். இரண்டு கட்டளையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது அடுத்து என்ன தட்டுவது என்ற இடத்தில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருவரை என்னால் மறக்க முடியவில்லை. நாற்பதை நெருங்கும் வயது, வேலை போய் வந்திருந்தார். சான்றிதழ்களை ஒருமுறைகூடக் காலாவதியாக விடாதவர். பேசிப் பார்த்ததில், சில வருடங்களாக அவர் செய்ததெல்லாம் டிக்கெட் என்கிற பழுதுப் புகார்கள் வர வர அவற்றை வேறு குழுவுக்கு மாற்றிவிடும் வேலை என்று தெரிந்தது. சர்வருக்குள் நுழைய லாகின்கூட அவருக்குக் கொடுக்கவில்லை. ஆனால் புதுப்பித்தல் தேர்வு ஒவ்வொன்றிலும் பாஸ். அவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதை அவருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டியது அந்தத் தேர்வு. வேலையில் இருக்கும்போதே தெரிந்திருந்தால் வேறு குழு கேட்டிருப்பார், வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பிலாவது பழகியிருப்பார். என் கோபமெல்லாம் இதில்தான்.

ஊழியர்கள் ஏன் அவசர அவசரமாகப் புதுப்பிக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வர்களை இணையம் வழி வாடகைக்கு விடும் பெரிய கிளவுட் நிறுவனங்கள், தங்களோடு சேர்ந்து தொழில் செய்யும் பார்ட்னர் நிறுவனங்களுக்கு நிலை வகுக்கும்போது, சான்றிதழ் பெற்ற ஊழியர் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கை கேட்கின்றன. அந்த எண் குறையக் கூடாது என்று மேலிடத்திலிருந்து மெயில் வரும். உடனே டம்ப்ஸ் என்கிற பழைய கேள்வித் தொகுப்பு வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பிக்கும். இரவு ஷிஃப்ட் முடித்து வந்த பையன் அதை இரண்டு தடவை புரட்டிவிட்டுப் போய் டிக் செய்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, தேர்வு அதற்கு இடம் கொடுக்கிறது.

செய்முறையில் நடத்த முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ரெட் ஹாட் நிறுவனம் லினக்ஸ் நிர்வாகத்துக்கு வைக்கும் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வில் இயந்திரத்தைக் கொடுத்து வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். இயந்திரத்தை ரீபூட் செய்த பிறகும் அமைப்புகள் நிலைக்க வேண்டும், இல்லையென்றால் மதிப்பெண் கிடையாது. பல சர்வர்களில் அப்ளிகேஷன்களை ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள் குபர்நெட்டிஸ். அதன் நிர்வாகத்துக்கான சி.கே.ஏ. தேர்வும் இரண்டு மணி நேரம் முழுக்க, கட்டளை தட்டும் டெர்மினலில்தான். அதிகாரபூர்வ ஆவணங்களைத் திறந்து வைத்துக்கொள்ளலாம், மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. 2024 ஏப்ரலிலிருந்து அந்தச் சான்றிதழின் ஆயுளை 3 வருடத்திலிருந்து 2 வருடமாகக் குறைத்தார்கள், புதுப்பிக்க அதே செய்முறைத் தேர்வை மறுபடி எழுத வேண்டும். குபர்நெட்டிஸ் வருடத்துக்கு மூன்று புதிய பதிப்பு காணும் மென்பொருள். பாட் செக்யூரிட்டி பாலிசி என்று 2021இல் படித்த பாதுகாப்பு அம்சம் 2022இல் வந்த 1.25 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. இவ்வளவு வேகமாக மாறும் துறையில் இரண்டு வருடம் நியாயமான கெடுதான்.

மறுபக்கம், மைக்ரோசாஃப்டின் பெரும்பாலான சான்றிதழ்களுக்கு ஆயுள் ஒரு வருடம். புதுப்பித்தல் இலவசம், கண்காணிப்பாளர் இல்லாமல் வீட்டிலிருந்தே புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம். இலவசம் என்பதை வரவேற்கிறேன், கற்பதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஏ.ஐ. இருக்கும் இக்காலத்தில் அந்த விடைகள் யாருடையவை என்று வேலை கொடுப்பவருக்கு எப்படித் தெரியும்? சிஸ்கோவின் சி.சி.ஐ.இ. என்ற நெட்வொர்க் நிபுணர் சான்றிதழுக்கு முதல் முறை 8 மணி நேர ஆய்வகத் தேர்வு. அவ்வளவு பாடுபட்டு வாங்கியதை, ஆய்வகப் பக்கமே போகாமல் எழுத்துத் தேர்வாலோ தொடர்கல்விப் புள்ளிகளாலோ புதுப்பித்துக்கொள்ள வழி இருக்கிறது. அமேசான் கிளவுட்டின் நிர்வாகிகளுக்கான சிஸ்ஆப்ஸ் தேர்வில் 2021இல் செய்முறைப் பகுதியைச் சேர்த்தார்கள், 2023இல் எடுத்துவிட்டார்கள். அது திரும்பி வர வேண்டும்.

ஜாவாத் தேர்வு வேறு மாதிரி வருத்தம். ஒரு துண்டு நிரலைக் காட்டி இது கம்பைல் ஆகுமா, அதாவது பிழையில்லாமல் கணினி ஏற்குமா, ஆகாதா என்று கேட்கிறார்கள். கம்பைலர் ஒரு நொடியில் சொல்லிவிடும் பதிலை மனிதரிடம் எதற்குக் கேட்க வேண்டும்? சன் நிறுவனம் இருந்த காலத்தில் ஜாவா டெவலப்பர் சான்றிதழுக்கு ஒரு முழு புரோகிராமை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. பிறகு தேர்வு மையத்தில் உட்கார்ந்து, அதை ஏன் அப்படி எழுதினேன் என்று கட்டுரையாக விளக்க வேண்டும். எழுதியவர் அவர்தானா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இன்று அந்தத் தேர்வு இல்லை.

என் அப்பா இங்கே பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். ஐ.டி.ஐ. டிரேட் டெஸ்டில் ஒரு வரைபடத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து, அரத்தால் ராவி அளவுக்குக் கொண்டுவரச் சொன்னார்களாம், வெர்னியரால் அளந்துதான் மதிப்பெண். ஃபிட்டருக்கு வைத்த சோதனையை, வங்கிப் பணமும் மருத்துவமனைப் பதிவேடும் ஓடும் சர்வர்களைத் தொடுகிறவர்களுக்கும் வைக்கச் சொல்கிறேன்.

இதில் உள்ள சிரமத்தை நான் அறிவேன். வீட்டிலிருந்து எழுதும் செய்முறைத் தேர்வுக்கு ஆள் நடமாட்டமில்லாத தனி அறை, காலி மேசை, அறுபடாத இணையம் எல்லாம் வேண்டும். மாரத்தஹள்ளியிலும் பி.டி.எம். லேஅவுட்டிலும் பி.ஜி.க்களில் ஓர் அறையை மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கைக்குழந்தை உள்ள பெண்களுக்கு இன்னும் கஷ்டம். சனிக்கிழமைகளில் அலுவலகங்களில் மூடிக் கிடக்கும் சந்திப்பு அறைகளைத் தேர்வுக்குத் திறந்துவிடலாம். தேர்வுக் கட்டணத்தையும், தோற்றால் மறுமுறை எழுதும் கட்டணத்தையும் நிறுவனம் ஏற்க வேண்டும். புதுப்பிக்க வருகிறவருக்குப் பாடம் முழுவதும் வேண்டாம். கடந்த தேர்வுக்குப் பிறகு மாறியவற்றிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து வேலை கொடுத்தால் போதும், ஆவணங்களையும் திறந்தே வைக்கட்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு சான்றிதழைப் பற்றி எழுதும்போது, அதன் முதல் தேர்வு கொள்குறியா செய்முறையா, புதுப்பித்தல் எந்த வகை, எத்தனை வருடம் செல்லும் என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். கடன் வாங்கிப் பயிற்சி மையத்தில் பணம் கட்டும் பெற்றோர் கட்டுவதற்கு முன்பே அதைப் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கே.ஆர்.புரம், பெங்களூரு.