காவலில் இறந்தவனின் நடத்தையை நாம் ஏன் விசாரிக்கிறோம்? சமுதாயத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய இந்தியர் கட்சிகள், ஆலய நிர்வாகங்கள், சமூக இயக்கங்களின் தலைவர்களுக்கு வணக்கம்.

போலீஸ் காவலில் நம் பையன் ஒருவன் இறந்துபோனான் என்று செய்தி வந்ததும் உங்களில் பலர் அறிக்கை விடுகிறீர்கள். ஆழ்ந்த அனுதாபம், முழு விசாரணை வேண்டும், அமைச்சரைச் சந்திப்போம் என்கிறீர்கள். அதுவரை சரி. அப்புறம் ஏதாவது ஒரு மண்டபத்தில் கூட்டம் நடக்கும். அங்கே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். நம் பையன்களும் சரியில்லை, குடி, குண்டர் கும்பல், சினிமா மோகம், பெற்றோர் கவனிப்பதில்லை என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்வார்கள். கூட்டம் தலையாட்டும். கடைசியில் இளைஞர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துவது என்று முடிவெடுத்துக் கலைந்துபோவோம்.

இந்தப் பேச்சை நிறுத்துங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

இரண்டு கேள்விகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். நம் இளைஞர்களில் ஒரு பகுதியினர் ஏன் குற்றத்தில் போய் விழுகிறார்கள் என்பது ஒரு கேள்வி. லாக்கப்புக்குள் நடந்து போனவன் ஏன் பிணமாக வெளியே வந்தான் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு வரலாறு, வீடு, வேலை, பள்ளி என்று பல இடங்களில் பதில் தேட வேண்டும். இரண்டாவதற்கு, அந்த அறையின் சாவி யார் கையில் இருந்தது என்று கேட்டாலே பாதி பதில் வந்துவிடும். இறந்தவன் கார் திருடியிருக்கலாம், திருடாமலும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வேலை நீதிமன்றத்துக்கு உரியது. திருட்டுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது.

முதல் கேள்வியை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. அதை நேர்மையாகக் கேட்போம் என்கிறேன். சினிமா பார்த்துக் கெட்டுப்போனான் என்ற பதிலில் நேர்மை இல்லை. அதே படங்களைத்தான் உங்கள் பிள்ளைகளும் பார்க்கிறார்கள்.

நம்மில் பெரும்பாலோரின் குடும்பங்கள் தோட்டத்தில் இருந்து வந்தவை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றபோது வேலை இழந்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார்தான். அப்போதைய ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலைக் கண்டுதான். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டது. இந்த மண்ணிலேயே மரம் வெட்டிப் பால் எடுத்துக் கிழவரானவர்கள்கூடக் கையில் குடியுரிமை இல்லாதவருக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை இருந்த ஒரே காரணத்தால் வேலையை விட்டு நின்றார்கள். பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள். பல குடும்பங்கள் கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பிரிந்துபோயின.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் தேவைப்படவில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் குறைந்த கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் கோல்ஃப் திடல்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. நாட்டின் நிர்வாகத் தலைநகரமான புத்ராஜெயா எழுந்து நிற்கும் நிலம் பிராங் பெசார் ரப்பர் தோட்டம். அங்கிருந்தும் சுற்றியிருந்த தோட்டங்களில் இருந்தும் கிளப்பப்பட்ட குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்குப் போனார்கள். அந்தச் சுவர்களில் விரிசல் விழுந்தது. தரைவீடு தருவோம் என்ற வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

தோட்டத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. கள்ளுக்கடை அங்கேயே இருந்தது. அன்றாடங்காய்ச்சி வாழ்க்கை, கிராணி என்ற தோட்டக் கணக்கரின் அதட்டல், மழை பெய்தால் கூலி இல்லாத நாள் எல்லாம் இருந்தன. ஆனாலும் ஒரு பையன் மாலையில் எங்கே இருக்கிறான் என்பது லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நாலு பேருக்குத் தெரியும். பள்ளி, கோயில், பந்துத் திடல், பிள்ளைக்காப்பகம் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி இருந்தது, சிலருக்கு மாடும் இருந்தது. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னவர்கள் இவை எதற்கும் விலை போடவில்லை. சேவை ஆண்டுகளைக் கணக்குப் பார்த்து ஒரு சிறு தொகை கொடுத்தார்கள். சில இடங்களில் அதற்கும் வழக்குப் போட வேண்டியிருந்தது.

அடுக்குமாடிக்கு வந்த பிறகு அம்மா ஃபேக்டரி பஸ்ஸில் இரவு ஷிப்டுக்குப் போகிறார். அப்பா லாரி ஓட்டுகிறார் அல்லது பாதுகாவலர் உடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். பையன் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். மலாய்மொழியில் மதிப்பெண் குறைவு என்றால் முதலில் புதுமுக வகுப்பு. ஆரம்பப் பள்ளியில் கூடப் படித்தவன் படிவம் ஒன்றுக்குப் போய்விட, இவன் ஓராண்டு பின்தங்கி நிற்கிறான். நான் இடைநிலைப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள். பையன்கள் படிவம் இரண்டிலும் மூன்றிலும் சத்தமில்லாமல் நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வாரத்தில் ஒருநாள் வரமாட்டான், பிறகு இரண்டு நாள், பிறகு பெயர்ப்பட்டியலில் மட்டும் இருப்பான். அப்படி நின்றவனுக்குப் பெயரும் பாதுகாப்பும் கைச்செலவுக்குக் காசும் தர கீழ்மாடியில் ஓர் அண்ணன் இருப்பார். அவனைத் தேடி நாம் யாரும் போகாதபோது அந்த அண்ணன் போனார்.

"நாங்களும் தோட்டத்தில் பிறந்தவர்கள்தானே, முன்னேறி வரவில்லையா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நானும் அப்படி வந்தவள்தான். எனக்கு லயத்து வீடும் தோட்டப் பள்ளியும் இருந்த காலத்தில் நான் படித்தேன். பாதுகாப்பாக நின்ற இடத்தில் இருந்து ஏறி வந்தவர்கள், நிற்க இடமே பறிக்கப்பட்டவனிடம் நீ ஏன் ஏறவில்லை என்று கேட்பது நியாயமில்லை.

2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயா அருகே கம்போங் மேடானில் நடந்த இனமோதலை நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் தோட்டங்களையும் கிராமங்களையும் விட்டு வந்த ஏழைகள், இந்தியரும் மலாய்க்காரரும், நெருக்கியடித்து வாழ்ந்த இடம். 6 பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் நம்மவர். ஏழைக்கும் ஏழைக்கும் இடையில் ஏன் அந்த அளவுக்குப் பகை மூண்டது என்று ஆராய அரச விசாரணை ஆணையம் அமைக்கப்படவே இல்லை.

போலீஸுக்கும் நமக்கும் உள்ள உறவும் நேற்று கெட்டதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, தோட்ட நிர்வாகியான வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்பது. வழிநடத்திய ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். போலீஸோடு இராணுவமும் இறங்கியது. 5 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தோட்டத்து மக்களுக்குப் போலீஸ் என்றால் துரை கூப்பிட்டால் வருகிறவர்கள். தங்கள் வீட்டில் திருட்டுப் போனால் வருகிறவர்களாக அவர்களைப் பார்த்துப் பழகும் வாய்ப்பே அந்த மக்களுக்குக் கிடைக்கவில்லை.

விடுதலைக்குப் பிறகும் சட்டங்கள் அந்தப் பழக்கத்தை மாற்றவில்லை. 1969-இல் வந்த அவசரகாலச் சட்டத்தின் கீழ், விசாரணையே இல்லாமல் இரண்டு ஆண்டு அடைத்துவைக்க முடிந்தது, அதை நீட்டிக்கவும் முடிந்தது. சிம்பாங் ரெங்கம் தடுப்பு முகாமில் இருந்து திரும்பிய பிள்ளை இல்லாத தாமான் (குடியிருப்பு) நம் வட்டாரங்களில் அரிது. அந்தச் சட்டம் போனதும், 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி 2014-இல் மீண்டும் அதே அதிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். இடையில் 2012-இல் சொஸ்மா என்ற பாதுகாப்புக் குற்றங்களுக்கான சிறப்புச் சட்டம் வந்தது. அதில் 28 நாள் காவல்.

2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. சுமார் 40,000 உறுப்பினர்களில் 28,000-க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர் என்று சொன்னார்கள். மக்கள்தொகையில் நாம் 7 விழுக்காடு அளவில்தான் இருக்கிறோம். அந்த எண்ணைக் கேட்டு நாம் கூனிக்குறுகினோம். எப்படிக் கணக்கெடுத்தீர்கள், யாரை உறுப்பினர் என்று எழுதினீர்கள் என்று நம் மேடைகளில் கேட்டவர்கள் குறைவு. அதே மாதம் பினாங்கு சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் 5 இந்திய இளைஞர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஓர் இனத்தின் பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிவிட்டால், கையில் பச்சை குத்திய கறுத்த பையன் ஒவ்வொருவனும் அந்த எண்ணுக்குள் போய்விடுகிறான்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா தைப்பான் போலீஸ் நிலையத்தில் குகன் இறந்தார். வயது 22. சொகுசுக் கார் திருட்டு தொடர்பாகப் பிடிக்கப்பட்டவர். முதல் சவப்பரிசோதனை, நுரையீரலில் நீர் கோத்து இறந்தார் என்றது. குடும்பம் ஒப்புக்கொள்ளாமல் இரண்டாவது பரிசோதனை கேட்டது. அதில் உடம்பு முழுக்க அடித்த காயங்களும், அந்த அடியால் தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததும் தெரியவந்தது. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீஸையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு தரச் சொன்னது. குற்றவாளி என்று சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது ஒரே ஒரு போலீஸ்காரருக்கு. அவரும் நம்மவர்தான்.

இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் தவிர்த்துப் பேசுகிறார்கள். நான் தவிர்க்க விரும்பவில்லை. மலாய்க்காரரும் காவலில் இறக்கிறார்கள், சீனரும் இறக்கிறார்கள், வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இறக்கிறார்கள். நம் மக்கள்தொகைக்கு மிஞ்சி நம்மவர் இறக்கிறார்கள் என்பதும் உண்மை. இதற்கு ஒவ்வொரு போலீஸ்காரரின் மனத்திலும் இனவெறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை. அடித்தால் கேள்வி வராது என்ற நம்பிக்கை ஒரு நிலையத்தில் இருந்தால் போதும். யாரை அடித்தால் கேள்வி வராதோ அவர் அடிபடுவார். வக்கீல் இல்லாதவர், ஒய்பி (சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்) யாரையும் தெரியாதவர், இறந்தாலும் சொந்த சமுதாயமே "அவனும் சரியில்லை" என்று சொல்லப்போகிறவர். அந்தக் கடைசி வரியை நாம்தான் எழுதிக் கொடுக்கிறோம்.

துன் முகமட் சைடின் தலைமையிலான அரச ஆணையம் 2005-இலேயே 125 பரிந்துரைகளைத் தந்தது. அவற்றுள் முக்கியமானது, போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கவும் தண்டிக்கவும் அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம். நமக்குக் கிடைத்தது 2023 ஜூலையில் நடப்புக்கு வந்த ஐபிசிசி என்ற சுயேச்சை போலீஸ் நடத்தை ஆணையம். அந்த ஆணையத்தால் தண்டிக்க முடியாது, பரிந்துரைக்க மட்டுமே முடியும். லாக்கப்பைப் பார்க்கப் போவதென்றால் முன்கூட்டியே தகவல் சொல்ல வேண்டும். போலீஸ் படைத் தலைவர் பிறப்பிக்கும் நிலையாணைகளின் கீழ் வரும் செயல்கள் அதன் வரம்புக்கு வெளியே. அந்த மசோதா வந்தபோது மனித உரிமை ஆணையமான சுஹாகாமும் வழக்கறிஞர் மன்றமும் எதிர்ப்புச் சொன்னார்கள். நம் இயக்கங்களின் குரல் அதில் எத்தனை கேட்டது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நான் கேட்பது இவைதான். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு உங்கள் மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் மானியத்தோடு சேர்த்து ஐபிசிசி சட்டத் திருத்தத்தையும் கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் லாக்கப்புக்குள் போகும் அதிகாரம், தண்டிக்கும் அதிகாரம், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஒரு நிலையத்தில் காவல் முடிந்ததும் இன்னொரு நிலையம் வேறு புகாரைச் சொல்லி வாசலிலேயே மறுபடி பிடிக்கும் தொடர் ரிமாண்ட் வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை நடத்தச் சட்டம் இருக்கிறது. அந்த விசாரணையில் குடும்பத்தின் சார்பில் வக்கீல் நிற்கலாம், சாட்சிகளைக் கேள்வி கேட்கலாம். தனியாக இரண்டாவது சவப்பரிசோதனை கேட்கலாம். குகன் வழக்கு திரும்பியதே அங்கேதான். துக்க வீட்டில் அதற்கெல்லாம் பணமும் தெம்பும் இருக்காது. கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் திரட்டத் தெரிந்த ஆலயங்கள் சேர்ந்து இதற்கென்று ஒரு நிதி வைத்தால், வாசலில் அழுதுகொண்டு நிற்கும் அம்மாவுக்கு அன்றைக்கே ஒரு வக்கீல் கிடைப்பார்.

தன்முனைப்பு முகாம் நடத்துங்கள், தடுக்கவில்லை. அதில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிடிபட்டவனுக்கு என்ன உரிமை என்று சொல்லிக்கொடுங்கள். எதற்காகப் பிடிக்கிறோம் என்று போலீஸ் சொல்ல வேண்டும். வீட்டுக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்ல விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் ரிமாண்ட் கட்டத்திலேயே இலவசமாக வக்கீல் தருகிறது. மாஜிஸ்திரேட் முன் நிற்கும்போது அடித்தார்கள் என்றால் அங்கேயே வாய்திறந்து சொல்லலாம், சட்டையைத் தூக்கிக் காட்டலாம். தாய்மார்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பையனைத் தேடி நிலையத்துக்கு முதலில் ஓடுகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த மடலுக்குப் பதில் அறிக்கை வேண்டாம். உங்கள் அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மேலே கேட்டவற்றில் எதைச் செய்வோம், யார் பொறுப்பு, எப்போது முடிப்போம் என்று சேர்த்து, கூட்டக் குறிப்பை உறுப்பினர்களுக்குக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கிள்ளான்