தத்துக் கோப்பு: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. அமெரிக்காவில் இருந்துகொண்டு இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க நீங்கள் போடும் கோப்பைப் பற்றி, "இன்னும் எவ்வளவு நாள்மா ஆகும்?" என்று நேற்று போனில் கேட்டாய். அதை யாராலும் சொல்ல முடியாது. எந்தக் காகிதம் எந்தத் தேதியில் காலாவதியாகும் என்பதைத்தான் சொல்ல முடியும். தத்துக் கோப்பில் பாதி வேலை அதுதான். பேசினால் பாதி மறந்துபோகும் என்று எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் ஒருதரம் படிக்கச் சொல்.

முதலில் உன் பெயர். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு ஒரு பெயர். பழைய பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக உட்கார்ந்திருக்கிறது. கல்யாணச் சான்றிதழில் மறுபடி இனிஷியல். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழில் மாப்பிள்ளை பெயர். நாலு காகிதத்தில் நாலு பெண்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது பார்த்தவுடன் புரியும். நியூ ஜெர்சியில் உன் கோப்பைப் பார்க்கிறவருக்குப் புரியாது. இப்போதைய அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரை, ஒரு எழுத்தும் ஒரு இடைவெளியும் மாறாமல், இனி எல்லா விண்ணப்பத்திலும் போடு. பழைய பெயர்கள் அத்தனையும் ஒருவரையே குறிக்கும் என்று ஓர் அஃபிடவிட் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள். கேட்ட பிறகு எழுதலாம் என்று இருந்தால் அதிலேயே வாரக்கணக்கில் போய்விடும்.

அடுத்தது வரிசை. டெல்லியில் இருக்கும் மத்திய தத்தெடுப்பு ஆதார ஆணையம், எல்லாரும் 'காரா' என்பது, கேரிங்ஸ் என்ற தன் இணையதளத்தில் உங்களைப் பதிவுசெய்யும். நீங்களாக நேரே பதிய முடியாது. காரா அங்கீகரித்த அமெரிக்க ஏஜென்சி வழியாகத்தான். ஏஜென்சியில் பணம் கட்டின தேதியிலிருந்து முன்னுரிமை ஓடுகிறது என்று நினைத்துவிடாதே. உங்கள் வீட்டையும் குடும்பத்தையும் வந்து பார்த்து சோஷியல் ஒர்க்கர் எழுதும் வீட்டாய்வு அறிக்கையும் மற்றக் காகிதங்களும் தளத்தில் ஏறின பிறகுதான் உங்கள் இடம் கணக்கில் வரும். சோஷியல் ஒர்க்கர் ஒரு மாதம் தாமதித்தால் வரிசையில் ஒரு மாதம் போச்சு. வெட்கப்படாமல் வாராவாரம் கேள்.

வயசுக் கணக்கும் பதிவு நாளை வைத்துத்தான். உனக்கு 41, மாப்பிள்ளைக்கு 44, கூட்டினால் 85. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது. இரண்டிலிருந்து நாலு வயது வரை 90, நாலிலிருந்து எட்டு வரை 100. உங்கள் இரண்டு பேருடைய பிறந்தநாளில் எது முதலில் வருகிறதோ, அதற்குள் பதிவு முடியாவிட்டால் முதல் கதவு சாத்திவிடும். ஆனால் கண்ணு, அந்தக் கதவைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. சட்டப்படி தத்துக்கு விடுவிக்கப்பட்ட குழந்தைக்கு இந்தியாவிலோ, வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களிடமோ 60 நாளில் குடும்பம் அமையாவிட்டால்தான் வெளிநாட்டுத் தத்துக்கு வரும். வெளிநாட்டு வரிசைக்குள் ஓசிஐ, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினர் என்ற முறையில் உங்களுக்கு முன்னுரிமை உண்டு. இருந்தாலும் கைக்குழந்தைகள் பெரும்பாலும் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள். உங்களிடம் வருவது ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை, உடன்பிறந்த இருவர், அல்லது சிகிச்சை வேண்டிய குழந்தையாக இருக்கும். என்னைக் கேட்டால், வீட்டாய்வில் வயது வரம்பை இப்போதே அகலமாக எழுதச் சொல்லுங்கள். பிறகு மாற்றினால் அதற்கும் திருத்த அறிக்கை வேண்டும்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்காமல் பச்சைக் கார்டோடு நின்றிருந்தால் இந்தியர்களுக்குச் சமமான வரிசை கிடைத்திருக்குமே என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டாராம். நீங்கள் தத்தெடுக்கத் தகுந்தவர்கள் என்று அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஒப்புதல் கேட்கும் ஐ-800ஏ மனுவைப் போட ஒருவராவது அமெரிக்கக் குடிமகனாக இருக்கணும். இல்லாவிட்டால் இங்கே தத்து முடிந்தும் குழந்தையை அங்கே கூட்டிப்போக வழியில்லாமல் நிற்கணும். அந்த வருத்தம் வேண்டாம்.

இப்போது காலாவதி. வீட்டாய்வு அறிக்கை காராவிடம் மூன்று வருஷம் செல்லும். அதே அறிக்கை அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போகும்போது ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான், கைரேகையும் அதே 15 மாதம். காரா பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று இருந்துவிட்டு, குழந்தையின் விவரம் வருகிற வாரத்தில் அமெரிக்க ஒப்புதல் முடிந்துபோனது தெரிந்தால் எப்படி இருக்கும்? முடிவதற்கு மூன்று மாதம் முன்பே நீட்டிப்பு மனு போகட்டும். அதற்கும் புது வீட்டாய்வுத் திருத்தம் வேண்டும் என்பதால் சோஷியல் ஒர்க்கரிடம் ஐந்து மாதம் முன்பே சொல்லிவை. வீடு மாறினாலும், சம்பளம் பெரிதாகக் குறைந்தாலும், வீட்டில் 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் குடிவந்தாலும் திருத்தம் உண்டு. அதனால்தான் ஆறு மாதம் வந்து இருக்கிறேன் என்று நான் சொன்னதை நிறுத்திவைத்திருக்கிறேன். என்னைக் குடித்தனக்காரியாகக் கணக்கெடுத்தால் என் போலீஸ் சான்று, கைரேகை எல்லாம் கேட்பார்கள். சோஷியல் ஒர்க்கரைக் கேட்டுச் சொல், அப்புறம் டிக்கெட் போடலாம்.

அப்போஸ்டில், அதாவது ஒரு நாட்டுக் காகிதம் இன்னொரு நாட்டில் செல்லும்படி வைக்கும் அரசு முத்திரை, அந்த விஷயம்: காகிதம் எந்த மாநிலத்தில் நோட்டரி ஆனதோ அந்த மாநிலம்தான் முத்திரை வைக்கும். மாப்பிள்ளையின் டாக்டர் மன்ஹாட்டனில் கையெழுத்துப் போட்டால் அது நியூயார்க் காகிதம். அங்கே முதலில் கவுண்டி கிளார்க் சான்று, அதற்குப் பிறகுதான் மாநிலம். எல்லாவற்றையும் நியூ ஜெர்சியிலேயே நோட்டரி செய்தால் ஒரு படி மிச்சம். குற்றப் பின்னணி பார்த்துத் தரும் எஃப்பிஐ அறிக்கை மட்டும் வாஷிங்டனில் வெளியுறவுத் துறைக்குப் போகணும். முத்திரைத் தாளைக் காகிதத்தோடு சேர்த்து அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னை, ஸ்கேன் நன்றாக விழணும் என்று பிடுங்கிவிடாதே. பின் போன தாள் செல்லாது என்று திருப்பிவிடுவார்கள். மூலையை மடித்துப் பிடித்தே ஸ்கேன் செய்.

குழந்தையின் விவரம் வந்ததும் ஆய்வு அறிக்கையிலும் மருத்துவ அறிக்கையிலும் கையெழுத்திட 30 நாள் இருக்கிறது. முதல் வாரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டு. தலைச் சுற்றளவு ஒரே ஒரு எண்ணாக எழுதியிருந்தால் பிரயோஜனமில்லை, மாதவாரியாகக் கேள். தேய்ந்துகொண்டே போகிறதா, பிடித்து வளர்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

கையெழுத்துக்குப் பிறகு ஒழுங்கு மாறவே கூடாது. அந்தக் குறிப்பிட்ட குழந்தைக்காக அமெரிக்கக் குடியேற்றத் துறைக்குப் போடும் ஐ-800 மனு, அதற்குத் தற்காலிக ஒப்புதல், நாடுகளுக்கிடையிலான தத்துக்கான ஹேக் உடன்படிக்கையின் 5, 17-ஆம் பிரிவுகளின்படி டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் கடிதம், காராவின் தடையின்மைச் சான்று, அதற்கப்புறம்தான் தத்து உத்தரவு. 2022 செப்டம்பரிலிருந்து உத்தரவு போடுவது கோர்ட் இல்லை, கலெக்டர். "கலெக்டர் ஆபீசில் தெரிந்தவர் இருக்கிறார், உத்தரவை முதலில் வாங்கிவிடலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதே. தற்காலிக ஒப்புதலுக்கு முன் தத்து முடிந்திருந்தால் ஐ-800 தள்ளுபடிதான்.

உத்தரவுக்குப் பிறகு உங்கள் பெயர் போட்ட பிறப்புச் சான்றிதழ், குழந்தைக்கு இந்தியப் பாஸ்போர்ட், தத்து ஹேக் உடன்படிக்கைப்படி நடந்தது என்று காரா தரும் இணக்கச் சான்று, விசா. திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாகவே போடுங்கள். இரண்டு வயது தாண்டின குழந்தைக்குக் காசநோய் ரத்தப் பரிசோதனை உண்டு. அதில் தொற்று என்று வந்து, எக்ஸ்ரேயிலும் சந்தேகம் என்றால் சளிப் பரிசோதனை முடிவுக்கு எட்டு வாரம் ஆகும். ஒருவர் இங்கே தங்கும்படி லீவு வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா போன பிறகும் முதல் வருஷம் மூன்று மாதத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷம் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று ஆறு அறிக்கை அனுப்பணும்.

அப்புறம் உன் சித்தி, ஏதோ நர்சிங் ஹோமில் குழந்தை இருக்கிறது, நேராக வாங்கிக்கொள்ளலாம் என்று உன்னிடமும் சொல்லியிருப்பாள். 2019-ல் இராசிபுரத்துக் குழந்தை விற்பனை வழக்கு எப்படி நாறினது என்று அவளுக்கு நினைவில்லை போல. சிறார் நீதிச் சட்டப்படி, வாங்குகிறவர்களுக்கும் சிறை உண்டு. பெற்றவள் மனம் மாற இரண்டு மாதம் விடுகிற சட்டம் இது. நமக்குத் தாமதமாகத் தெரிகிற நாளில் ஒரு பகுதி அவளுடையது. சித்தியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் உங்கள் கல்யாணப் பதிவின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கப் போகிறேன். பதிவு எண்ணும் தேதியும் தெரியும்படி உன்னிடம் இருக்கும் சான்றிதழைப் படம் எடுத்து ஞாயிறு இரவுக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அம்மா