பெற்றோருக்கா விழிப்புணர்வு இல்லை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடித்த அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எங்கே சேர்கிறார்கள் என்று தங்கள் மாவட்டப் பக்கத்தில் வந்த செய்தியைப் படித்தேன். பாதிக்கு மேல் பக்கத்து ஊர் கலைக் கல்லூரியோடு நின்றுவிடுகிறார்கள், பெற்றோருக்கு விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அந்த வரியைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எந்தப் பெற்றோரைச் சொல்கிறீர்கள் ஐயா? ரிசல்ட் வந்த மறுநாள் நூறு நாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு பள்ளிக்கூட வாசலில் நிற்கிற அம்மாவையா? "இந்த மார்க்குக்கு எங்க சீட் கிடைக்கும், டீச்சர்?" என்று கேட்பவர்கள் அவர்கள்தாம். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடையாய் நடப்பவர்களும் அவர்கள்தாம்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கணக்கில் கெட்டிக்காரி. செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. விண்ணப்பத்தில் கொடுத்திருந்தது அவருடைய செல்போன் எண். கலந்தாய்வில் வேண்டிய கல்லூரிகளை வரிசையாகக் குறிக்கும் விருப்பப் பட்டியல் போடும் நாளில் ஓடிபி அவருக்குப் போகிறது. அவரோ சாரத்தின் மேல் நிற்கிறார், போன் கீழே சட்டைப் பையில் கிடக்கிறது. அவள் அம்மா பிரவுசிங் சென்டர் வாசலில் நின்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஒருவழியாக ஓடிபி எண் கிடைத்ததும், அந்த சென்டர்காரர் கூட்டத்தைத் தள்ளிவிடும் அவசரத்தில் தனக்குத் தெரிந்த ஏழெட்டுத் தனியார் கல்லூரிகளைப் போட்டுப் பூட்டிவிட்டார். செட்டிக்கரை அந்தப் பட்டியலிலேயே இல்லை. கிடைத்த தனியார் கல்லூரிக்குக் கட்டப் பணமில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்திருந்தால் அரசே கட்டியிருக்கும். ஆனால் ஆறு முதல் எட்டு வரை அவள் படித்தது ஊரில் இருந்த ஒரே பள்ளியான உதவிபெறும் பள்ளியில். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. கடைசியில் பி.எஸ்சி. சேர்ந்தாள். அந்த அம்மாவுக்கு எதில் விழிப்புணர்வு குறைந்தது என்று தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

2018இல் பொறியியல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியபோது, இனி சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டாம் என்று எல்லோரும் நிம்மதிப்பட்டோம். அலைச்சல் குறைந்தது உண்மைதான். ஆனால் முன்பு கலந்தாய்வு நடந்த அண்ணா பல்கலைக்கழகத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருந்தார்கள். இப்போதும் உதவி மையங்கள் இருக்கின்றன, எங்கள் மலையோர ஊர்களிலிருந்து அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும். இதற்கிடையில் தனியார் கல்லூரி ஆட்கள் மட்டும் தேர்வு முடியும் முன்பே முகவரிப் பட்டியலோடு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள். அட்வான்ஸ் என்று கொஞ்சம் பணமும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் வாங்கிப் போகிறார்கள். பிறகு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தாலும் டிசியைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. தங்கள் நிருபர் இதை ஒருமுறையாவது எழுதியிருக்கலாம்.

பிளஸ் டூ ரேங்க் பட்டியலை 2017இல் அரசு நிறுத்தியபோது மனமாரச் சந்தோஷப்பட்டவள் நான். ஆனால் அன்று ரேங்க் பட்டியலோடு வந்தது போன்ற அதே பாஸ்போர்ட் சைஸ் முகங்கள் நீட் என்றும் ஜேஇஇ என்றும் இன்று முழுப்பக்க விளம்பரமாகத் தங்கள் பத்திரிகையிலேயே வருகின்றன. பள்ளி முடித்துவிட்டு வருஷக்கணக்கில் கோச்சிங் போன பிள்ளைகளும் அந்தப் படங்களில் இருக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை விட்டுவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டையே நடத்திய பள்ளிகள் எவை என்று தங்களுக்குத் தெரியாததல்ல. அதைத் தடுக்கத்தான் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் அதையும் எடுத்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளை அளக்கும்போது மட்டும் இதெல்லாம் யார் நினைவுக்கும் வருவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு கலைக் கல்லூரியில் சேர்வதை நின்றுவிடுவது என்று எழுதாதீர்கள். எங்கள் பக்கத்தில் பிளஸ் டூ முடிந்த கையோடு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இன்னும் உண்டு. 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும், டவுன் பஸ்ஸில் இலவசப் பயணமும், பக்கத்திலேயே ஒரு கல்லூரியும் சேர்ந்துதான் பல வீடுகளில் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட்டிருக்கின்றன. முன்பு இதே கலைக் கல்லூரிகளில் படித்த பெண்களில் சிலர் இன்று வகுப்பறையில் நின்று பாடம் நடத்துகிறார்கள். வருஷக்கணக்கில் நிரந்தரமாகாத கௌரவ விரிவுரையாளர்கள்தாம் அந்தக் கல்லூரிகளைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் எழுத இடமிருந்தால் எழுதுங்கள்.

தங்களிடம் கேட்பது ஒன்றுதான். வருகிற மே மாதம் முதல், அரசு கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் பதிவு, விருப்பப் பட்டியல் ஆகியவற்றின் கடைசித் தேதிகளை ஒரு வாரம் முன்னதாக மாவட்டப் பக்கத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். நம் மாவட்ட உதவி மையங்களின் முகவரியையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். போன வருஷம் 'விண்ணப்பப் பதிவு நிறைவு' என்ற செய்தி மட்டுமே எங்கள் கண்ணில் பட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியை,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.