ஏழுகிணற்று வீட்டையும் சங்க வரலாற்றில் சேருங்கள்

வடசென்னைச் சன்மார்க்க சங்கங்களின் பொறுப்பாளர்களாகிய ஆன்மநேய அன்பர்களுக்கு, வந்தனம்.

தைப்பூசத்துக்கு நாம் வெளியிடும் துண்டறிக்கைகளில் சங்கத்தின் வரலாறு, 1865-இல் வள்ளலார் சமரச வேத சன்மார்க்க சங்கத்தை நிறுவியதில் தொடங்கி, 1867-இல் தருமச்சாலை, 1872-இல் சத்திய ஞானசபை என வடலூரிலேயே நிறைவடைந்துவிடுகிறது. அதற்கு முன் அவர் நம் ஊரில் கழித்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலம் ஒற்றை வரியில் அடங்கிவிடுவது எனக்கு நெடுநாளைய மனக்குறை.

கோட்டைக்குக் குடிநீர் அனுப்பத் தோண்டிய கிணறுகளால் பெயர்பெற்ற ஏழுகிணற்றில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில், அண்ணன் சபாபதியின் ஆதரவில் அவர் வளர்ந்தார். அந்த வீட்டு மாடியறையில் கண்ணாடியை முன்வைத்து வழிபட்டதும், கந்தகோட்டத்து முருகனைப் பாடியதும், திருவொற்றியூர்த் தியாகராசர் சந்நிதிக்கு நடையாய் நடந்ததும் அக்காலத்தில்தான். தொழுவூர் வேலாயுத முதலியார் 1849-இல் அவரிடம் மாணவராகச் சேர்ந்ததும் சென்னையிலேயே. 1858 வாக்கில் அவர் நகரை நீங்கிக் கருங்குழியில் தங்கிய பின்னும் அந்த உறவு அறவில்லை. திருவருட்பாவை அச்சேற்ற இசைவு வேண்டி ஒருவேளை உணவோடு விரதமிருந்தவர் சென்னை அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார். தம் பெயரை 'இராமலிங்கசாமி' என்று அச்சிடுவது ஆரவாரமாகத் தோன்றுவதால் வேண்டாமென அவருக்கு வள்ளலார் எழுதிய கடிதம் இன்றும் நமக்குப் படிக்கக் கிடைக்கிறது. 1867-இல் நூல் வெளிவந்தது இத்தகைய அன்பர்களின் உழைப்பால். சங்கம் பெயர்பெற்றது தென்னாற்காட்டு மண்ணில் என்றாலும், அதைத் தாங்கிய கைகளுள் பல இங்கிருந்து நீண்டவை என்றே நான் கருதுகிறேன்.

ஆகவே, இச்செய்திகளைத் தொகுத்து ஒரு சிறு வரலாற்றேடு வெளியிடவும், உரியவர்களின் இசைவோடு ஏழுகிணற்றில் ஒரு கல்வெட்டு நிறுவவும் முன்வருமாறு வேண்டுகிறேன். பசியோடு திரும்பிய இரவில் வடிவுடையம்மன் அண்ணியின் உருவில் வந்து அமுதளித்ததாக வழங்குவது நம் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதனை வழிவழிச் செய்தி என்றே குறித்து, கடிதங்களாலும் அச்சு நூல்களாலும் தெரியவருபவற்றைத் தனியே வைப்பது நல்லது. நம் பகுதிச் சங்கங்கள் எந்தெந்த வீட்டுத் திண்ணையில், எந்தெந்த வாடகை இடத்தில் கூடின என்பதையும், பழைய கூட்டப் பதிவேடுகளும் வாடகைச் சீட்டுகளும் செல்லரிப்பதற்குள் எழுதிவிட வேண்டும்.

என் தந்தையார் சேர்த்து வைத்த தைப்பூச அழைப்பிதழ்கள் சில என்னிடம் உள்ளன. வரும் மாதப்பூச வழிபாட்டுக்கு அவற்றைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஓர் அன்பர்