அப்பாவின் கடிதத்துக்குப் பதில்

பாரிஸ்
10.01.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நலம், உங்கள் நலமறிய ஆவல். ஐப்பசியில் அப்பா எழுதிய கடிதத்துக்கு இன்றுதான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இடையில் தொலைபேசியில் பேசியிருந்தாலும், வீடு திருத்துகிற விடயத்தை விவரமாக எழுது என்று அப்பா கேட்டிருந்தீர்கள். அதைச் செய்யாமல் மூன்று மாதம் கடத்தியது என் பிழை. மன்னிக்க வேண்டும்.

நாங்கள் இங்கே வாங்கிய வீடு நான்காம் மாடியில், 54 சதுர மீற்றர். 1900ஆம் ஆண்டுக்குச் சற்று முன்பு கட்டிய கட்டடம் என்பதால் மின்தூக்கி இல்லை. வாங்கும்போது தெருப்பக்க அறையில் மட்டுமே வெளிச்சம் இருந்தது. குசினியும் சாப்பாட்டறையும் கட்டடத்தின் பின்பக்க இடுக்கைப் பார்த்தவை. நடுப்பகலிலும் விளக்கைப் போடாமல் அரிசி களைய முடியாது. மார்கழியில் இங்கே காலை எட்டே முக்காலளவில்தான் சூரியன் உதிக்கிறது, மாலை ஐந்துக்கு முன்பே மறைந்துவிடுகிறது. கிடைக்கிற அந்த எட்டு மணி நேர வெளிச்சத்தையும் நடுச்சுவர் ஒன்று மறித்துக்கொண்டு நின்றது.

அந்தச் சுவரை இடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். வந்து பார்த்த பொறியியலாளர், அது மேல்மாடிகளின் பாரத்தைத் தாங்குகிற சுவர், கைவைப்பதானால் கட்டடத்தின் மற்ற உரிமையாளர்களின் கூட்டத்தில் பெரும்பான்மை வாக்கு வேண்டும் என்றார். 1965ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறதாம். எங்கள் கட்டடத்தில் கூட்டம் வருடத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஆனி மாதத்தில். உங்கள் மருமகள் அன்று இரவு முழுக்கப் பேசவில்லை.

வழி காட்டியது கீழ்மாடி மதாம். நான் முன்பு தொலைபேசியில் சொன்னேனே, வேலை தொடங்கிய நாளிலிருந்து எத்தனை மணிக்கு எவ்வளவு சத்தம் கேட்டது என்று துண்டில் எழுதிக் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போகிறவர், அவரேதான். அவருக்கு 86 வயது. இதே கட்டடத்தில் பிறந்தவர். ஒரு நாள் ஊன்றுகோலோடு மூச்சு வாங்க ஏறி வந்து, எதை உடைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சுவரைக் கோலால் இரண்டு இடத்தில் தட்டிக் காட்டிவிட்டு, "இங்கே ஒரு கதவு இருந்தது, கண்ணாடிக் கதவு" என்றார். தாயாரோடு சிறு பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்துபோன ஞாபகம் அவருக்கு.

சுவரில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்து, பலகையைக் கழற்றினால், இரட்டைக் கதவு அப்படியே நின்றது. எட்டுக் கண்ணாடிகளில் இரண்டுதான் உடைந்திருந்தன. பழைய கண்ணாடி என்பதால் அதற்குள்ளால் பார்த்தால் எதிர்வீட்டுக் கூரை தண்ணீருக்குள் கிடப்பதுபோல் இலேசாக நெளிகிறது. சுவரை இடிக்கவும் தேவைப்படவில்லை, வாக்கும் தேவைப்படவில்லை.

அப்பாவுக்கு ஒரு செய்தி. கதவைச் சுற்றி உதிர்ந்தது முழுக்க வெள்ளைச் சாந்து. இரசாயனவியலில் நீங்கள் எங்களுக்குப் படிப்பித்த அதே பாரிஸ் சாந்து. ஒரு காலத்தில் அதற்கான ஜிப்சத்தை மோன்மார்த் குன்றின் அடியிலேயே வெட்டியெடுத்தார்களாம். எங்கள் தெரு முனையில் நின்றால் அந்தக் குன்று தெரியும். அதைச் சாக்குகளில் கட்டி நான்கு மாடி இறக்கியபோது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். மாமியின் மகன் வேலை முடிந்து வந்து கூடத் தூக்கினான்.

கதவின் பழைய பூச்சில் ஈயம் இருந்தது. 1949க்கு முன் கட்டிய வீடுகளை விற்கும்போது அதைச் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்பது இங்கே சட்டம். எங்கள் அறிக்கையிலும் இருந்தது. தூள் பிள்ளைகளின் உடம்புக்குக் கெடுதி என்பதால், உரசித் தேய்க்காமல் ஆட்களை வைத்தே எடுப்பித்தோம். அந்த இரண்டு கிழமையும் மருமகளும் சின்னவளும் லா குர்நெவில் சிநேகிதி வீட்டில் நின்றார்கள். நான் மட்டும் இங்கே, நடையில் வைத்த ஒற்றை மின் அடுப்பில் புட்டு அவித்துச் சாப்பிட்டேன். லா சப்பல் பகுதித் தமிழ்க் கடைகளில் முருங்கைக்காய் முதல் ஒடியல் மா வரை எல்லாம் கிடைக்கிறது, சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை.

காசைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம். வங்கிக் கடன் 25 வருடத்துக்கு. இருவரும் வேலை செய்கிறோம். நான் இரவில் இன்னொரு வேலைக்குப் போவது இந்தத் திருத்த வேலை முடியும் வரைதான். தங்கச்சிக்கு அனுப்புவது மட்டும் இம்முறை சில நாள் பிந்தும் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள்.

போன ஞாயிறு காலை பத்து மணியளவில் தெருப்பக்க யன்னலால் வந்த வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டிச் சாப்பாட்டறைத் தரையில் விழுந்தது. சின்னவள் அதில் போய்ப் படுத்துக்கொண்டாள். அம்மா, நீங்கள் நடு முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக் காகத்துக்கு என்னைக் காவல் இருத்தினால், நானும் தூணில் சாய்ந்து அப்படித்தான் தூங்கிப்போவேன். வருகிற செவ்வாய்க்கிழமை பொங்கல். அந்த முற்றத்தில் கோலம் போட்டு நீங்கள் பானை வைப்பீர்கள். நான் அங்கே இல்லாமல் இது எத்தனையாவது பொங்கல் என்று எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

அதனால்தான் அப்பா எழுதியிருந்த விடயம் மனதை உறுத்துகிறது. மாரி மழையில் விறாந்தை நனைகிறது என்று தம்பி முற்றத்தைத் தகரத்தால் மூட நினைக்கிறான். மூட வேண்டாம் அப்பா. மூடினால் நான்கு பக்க அறைகளும் இருண்டுபோகும், வெக்கையும் வெளியேறாது. கூரைத் தண்ணீரை ஏந்துகிற பழைய பீலி துருப்பிடித்து ஒழுகுவதால்தான் தண்ணீர் விறாந்தைக்குள் தெறிக்கிறது. பீலியை மாற்றி, முற்றத்துத் தண்ணீர் ஓடுகிற வழியைத் துப்புரவாக்கினால் போதும். அப்படியே ஆசாரியைக் கூட்டிவந்து கூரைச் சிலாகைகளையும் பார்ப்பியுங்கள். முற்றத்தின் நீள அகலத்தைத் தம்பி அளந்து அனுப்பினால், காசை மாசி முதற் கிழமையில் அனுப்புகிறேன்.

கிழக்கு வளவைத் தங்கச்சியின் பெயருக்கு எழுதுவதில் எனக்குப் பூரண சம்மதம். எனக்குப் பதிலாக அங்கே ஒருவர் கையெழுத்திடுவதற்கான அற்றோணித் தத்துவத்தைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புகிறேன்; பழைய காணி உறுதியின் பிரதி ஒன்றை முதலில் அனுப்பி வையுங்கள். பெரியப்பாவோடு இருக்கிற எல்லைக் கதையை, நில அளவையாளர் வந்து போகும்வரை யாரும் பேச வேண்டாம். அம்மா கண் மருத்துவரிடம் போனீர்களா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்