குடியிருப்போர் நலச் சங்கம்: 2024-25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகிகளுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களின் வீடுகளுக்கு இவ்வறிக்கையின் நகல் வழக்கம்போல் அனுப்பி வைக்கப்படும்.

இவ்வாண்டு பொங்கல் விழாவும் குடியரசு நாள் கொடியேற்றமும் நல்லபடியாக நடந்தேறின. மழைநீர் வடிகால் தூர்வாரப்பட்டது. தெருவிளக்குகளுக்காகக் கொடுத்த மனுவுக்குப் பதில் வரவேண்டியிருக்கிறது.

விரிவாகச் சொல்ல வேண்டியது, சங்கக் கட்டடத்தின் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் நடைபெறும் ஏ.ஏ. கூட்டத்தைப் பற்றித்தான். ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை நிறுத்த விரும்புவோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு. இதுகுறித்து என்னிடம் நேரில் கேட்டவர்களைவிடத் தேநீர்க் கடையில் பேசியவர்கள் அதிகம் என்பதால், நடந்ததைப் பதிவு செய்வது கடமையாகிறது.

நம் நகரைச் சேர்ந்த ஓர் அம்மையார், தம் கணவரின் குடியை நிறுத்த எங்கே போவது என்று கேட்டார். எந்த வீடு என்பதை நிர்வாகக் குழுவிடமும் நான் சொல்லவில்லை, இங்கும் சொல்லப்போவதில்லை. போதை மீட்புக்கான 14446 என்ற கட்டணமில்லா எண்ணைக் கொடுத்ததுடன், விவரம் அறிந்த மருத்துவர் ஒருவரையும் கலந்து பேசினேன். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் வைராக்கியத்தில் வீட்டிலேயே சட்டென நிறுத்துவது ஆபத்து என்றும், கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, பிதற்றல் வரை போகக்கூடும் என்றும், ஆகவே முதல் சில நாள்கள் மருத்துவக் கண்காணிப்பு தேவை என்றும் அவர் கூறினார். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இத்தகைய சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு அதே தெருவும், அதே நண்பர்களும், அதே ஏழு மணியும் காத்திருக்கின்றன. அதற்குத்தான் ஏ.ஏ. கூட்டம் என்றார் மருத்துவர். விசாரித்ததில், கூட்டம் நடக்கும் இடத்துக்கு இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தது. வேலை முடிந்து வருபவர் அத்தனை தொலைவு போவாரா, வழியிலுள்ள கடையில் இறங்கிவிடுவாரா என்பது உறுப்பினர்களுக்கே தெரியும். எனவேதான் நம் மாடி அறையைத் தரலாம் என்ற யோசனையை முன்வைத்தேன்.

குடிகாரர்கள் கூடிப் பேசினால் குடி எப்படி நிற்கும் என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பவரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் இந்த அமைப்பைத் தொடங்கியபோது, அவ்விருவருமே குடிநோயாளிகள். ஒரு குடிநோயாளி சொல்வதை இன்னொரு குடிநோயாளி கேட்பார் என்பதே அதன் அடிப்படை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 27 ஆய்வுகளைக் கொண்டு 2020இல் வெளியிட்ட மதிப்பாய்வும், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு ஏ.ஏ. முறை பிற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவக்கூடும் என்றே கூறுகிறது. அதன் நகல் சங்க அலுவலகத்தில் உள்ளது. இதுவரை யாரும் கேட்டு வாங்கவில்லை.

அறையை இலவசமாகத் தருவதாகத் தீர்மானித்தோம். ஏ.ஏ. குழுவினர் மறுத்துவிட்டார்கள். வெளியார் நன்கொடை பெறாமல் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களது மரபாம். கூட்டத்தில் சுற்றிவரும் பையில் விழும் காசிலிருந்து மாதந்தோறும் முதல் வாரத்தில் வாடகை வந்துவிடுகிறது. உறுப்பினர் கட்டணமே இல்லாத அமைப்பு பாக்கியின்றிச் செலுத்துவதையும், கட்டணம் உள்ள நம் சங்கத்தில் மூன்றில் ஒரு பங்கினர் சந்தா பாக்கி வைத்திருப்பதையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். வருகைப் பதிவேட்டைக் காட்டச் சொன்னவர்களுக்கு: அப்படி ஒன்று கிடையாது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி. வருபவர் முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. எனவே எத்தனை பேர் திருந்தினார்கள் என்ற புள்ளிவிவரத்தை எதிர்பார்ப்பவர்களுக்கு என்னால் உதவ இயலாது. டாஸ்மாக் கடையை அகற்றக் கோரும் நம் மனுவிலும் அவர்கள் குழுவாகக் கையெழுத்திடவில்லை. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பதும் அவர்களது மரபே. இதில் எனக்கும் சிறிது வருத்தம் உண்டு. ஆயினும் அந்த மனுவில் கையெழுத்திட நம் உறுப்பினர்களே எத்தனை பேர் வந்தார்கள் என்பதை நினைத்து அமைதியடைந்தேன்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு முறையாக உள்ளது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. காரணத்தை மேலே குறிப்பிட்டுவிட்டேன். தலைவர், பொருளாளர், காவலர், துப்புரவுப் பணியாளர்கள் ஆகிய அனைவருக்கும் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்கும் நூலக அறையைத் தர விரும்புகிறேன். முதலில் வந்து கேட்டவர் மனைவிதான் என்பதால் இது இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டும். அந்த அறைக்கு ஒரு மின்விசிறியும் இருபது நாற்காலிகளும் தேவைப்படுகின்றன. செயலாளர் பொறுப்பில் தொடர்வதற்கு எனக்கு உடல்நிலை இடம் கொடுக்கிறது; மனநிலை உறுப்பினர்களின் கையில் இருக்கிறது. மாடி அறை அனுமதியை நீட்டிப்பது இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது பொருள். சந்தா நிலுவை உள்ளவர்கள் வாக்களிக்க நம் சங்க விதிகளில் இடமில்லை என்பதால், பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலில் அமர்ந்திருக்கிறார்.

இவண்,
செயலாளர்